பாம் என்றொரு பொய்ப் புயல்

அன்புள்ள கதிருக்கு,

பள்ளியில் தீ ஒத்திகை நடந்ததாகவும், காலில் மாவுக்கட்டு போட்ட பையனை மட்டும் "சும்மா ஒத்திகைதானே" என்று வகுப்பிலேயே உட்காரவைத்ததாகவும் எழுதியிருந்தாய். இதே சங்கதி ஒரு பெரிய நகரத்திலும் நடந்திருக்கிறது.

2004 ஜூலையில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஒரு புயல் அடித்தது, காகிதத்தில் மட்டும். பெயர் பாம். மணிக்கு 190 கிலோமீட்டர் காற்று, கரையைத் தாண்டி நியூ ஆர்லியன்ஸுக்குள் பாயும் வெள்ளம், வெளியேற வேண்டியவர்கள் 10 லட்சம் பேர். நிலவரத்தை இப்படி எழுதிக் கொடுத்துவிட்டு, மத்திய, மாநில, உள்ளூர் அதிகாரிகள் சுமார் 300 பேரை பேட்டன் ரூஜில் உட்காரவைத்தார்கள். ஐந்து நாள்.

மந்திரம் மாயம் கூடாது என்பது அங்கே விதி. படகு வேண்டும் என்று ஒருவர் சொன்னால் போதாது; யாருடைய படகு, யார் ஓட்டுவது, எப்படி வந்து சேரும் என்றும் சொல்லியாக வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு துறையின் திட்டமும் அழகாகத்தான் இருக்கும். ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்குகிறதா என்பது எல்லாரும் ஒரே மேசைக்கு வந்தால்தான் தெரியும்.

அங்கே உருவான ஒரு யோசனை இது: வெள்ளத்தில் சிக்கியவரைப் படகு அருகிலுள்ள மேட்டில் இறக்கிவிட்டு அடுத்தவரைத் தேடிப் போகும்; மேட்டிலிருந்து பேருந்து ஏற்றிக்கொள்ளும். படகுப் பாதி விவரமாக எழுதப்பட்டது. பேருந்துப் பாதி அரைகுறையாக நின்றது. அடுத்த கூட்டங்களில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அவற்றில் சில பணமில்லாமல் தள்ளிப்போயின.

2005 ஆகஸ்ட் 29. கத்ரீனா என்ற நிஜப் புயல்.

நகரில் 80 சதவீதம் மூழ்கியது. பொய்ப் புயல் 60,000 பேரைக் கொன்றிருந்தது. நிஜம் அவ்வளவு போகவில்லை. கார் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் முன்பே கிளம்பியிருந்தார்கள். மாட்டிக்கொண்டவர்களில் பலர் கார் இல்லாதவர்கள். படகுகள் வந்தன, மேட்டில் இறக்கிவிட்டன. மேம்பாலங்களில் வெயிலில் காத்துக் கிடந்தவர்களுக்கு நாள்கணக்கில் பேருந்து வரவில்லை. நகரத்தின் மஞ்சள் பள்ளிப் பேருந்துகளோ தண்ணீருக்குள் வரிசை கலையாமல் நின்றுகொண்டிருந்தன.

2008-இல் குஸ்தாவ் புயல் நெருங்கியபோது கார் இல்லாதவர்களை ஏற்றிப்போக நகரின் பல இடங்களுக்குப் பேருந்து போனது. ரயில் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்திலும் ரயிலிலும் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள்.

அடுத்த ஒத்திகைக்கு முன் உங்கள் சாரிடம் கேட்டுப் பார்: மாவுக்கட்டுப் பையனை எந்தப் படி வழியாக, எந்த இரண்டு பேர் தூக்கி வருவார்கள்?

அன்புடன்,
சித்தப்பா