வீட்டுச் சுவரில் வேத வசனம்

இடம் பார்த்து மாட்டாத வசனச் சட்டம் விரைவில் மங்கும், பூஞ்சையும் பிடிக்கும்.

1. சங்கீதம் 23:1 போன்ற சிறிய வசனத்தைத் தேர்ந்தெடுக்கவும், கடந்துபோகும்போதே படித்துவிடலாம். அதிகார, வசன எண்களும் இருக்கட்டும். பிள்ளைகள் வேதாகமத்தில் தேடிப் படிக்க உதவும்.

2. குடும்ப ஜெபத்துக்குக் கூடும் இடத்தில், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக மாட்டவும். கதவு நிலைக்கு மேலே, எட்டாத உயரத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை.

3. வெயில் படும் சுவர் வேண்டாம்; புற ஊதாக் கதிர் மையை வெளுக்கும். குளியலறையை ஒட்டிய சுவரும் வேண்டாம். வேறு வழியில்லையெனில் சட்டத்தின் பின்மூலைகளில் தக்கைத் துண்டுகளை ஒட்டவும். இடையில் காற்று புகுந்தால் ஈரம் தங்காது.

4. கண்ணாடியில் தண்ணீர் தெளிக்காமல், ஈரத்துணியால் துடைக்கவும்; விளிம்பு வழியே நீர் இறங்கினால் தாள் ஊறிவிடும்.

5. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை புதிதாக வந்ததும் சுவரில் உள்ள பழைய அட்டையை எடுத்து வேதாகமத்துக்குள் வைக்கவும். பக்க அடையாளமாகப் பயன்படும்.