கோடு எங்கே முறிகிறது?

காரமடைப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்திருக்கும் தம்பிக்கு,

பத்தாம் வகுப்புக்கு ‘உறவுகளும் சார்புகளும்’ நடத்தப் போகிறீர்கள். நேரிய சார்பு வந்ததும் சாய்வு, வெட்டுத்துண்டு என்று கரும்பலகையில் சூத்திரம் ஏறும். ‘ஒரு ரயில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில்’ என்று ஒரு கணக்கும் வரும். எந்த ரயில், எந்த ஊருக்கு என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. கேட்க வையுங்கள்.

முதலில் ஆட்டோ. 2013இல் சென்னை ஆட்டோக்களுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். 5 கிலோமீட்டர் போனால் 63 ரூபாய் 40 காசு. தூரத்தை 12ஆல் பெருக்கி 3 ரூபாய் 40 காசைக் கூட்டினாலும் இதே விடைதான். அந்த 3.40தான் வெட்டுத்துண்டு. ஆனால் 3 ரூபாய் 40 காசு கொடுத்து ஆட்டோவில் போனவர் எவரும் இல்லை. 1.8 கிலோமீட்டருக்குள் அந்தக் கோடே செல்லாது. அங்கே 25 ரூபாயில் ஒரு கிடைக்கோடுதான். மதிப்பகம் எதற்கு என்று பிள்ளைகளுக்குப் புரிய வைக்க இந்த ஒரு கணக்கு போதும்.

அடுத்தது உங்கள் பக்கத்து ஊரில் புறப்படும் மலை ரயில். 1899இல் குன்னூர் வரை ஓடி, 1908இல் ஊட்டியை எட்டிய பாதை அது. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர், ஏறுவதற்கு ஏறக்குறைய நாலேமுக்கால் மணி நேரம். சராசரி மணிக்குப் பத்து கிலோமீட்டர்கூட வராது. அந்தச் சராசரியை வைத்து ஒரே கோடாகப் போட்டால், சுமார் 8 கிலோமீட்டரில் இருக்கும் கல்லாறுக்கு 50 நிமிடம் ஆகும் என்று வரும். அதுவரை பாதை ஏறக்குறைய சமதளம். 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் கால் மணி நேரம்தான். கல்லாறில்தான் கோடு முறிகிறது. அங்கிருந்து குன்னூர் வரை பல் தண்டவாளம். மிகச் செங்குத்தான இடத்தில் 12 அடி போனால் ஓர் அடி ஏற்றம். வேகம் 13 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 20 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் என்று கணக்கு சொல்லும். நடப்பில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. நீராவி எஞ்சின் வழியில் நின்று தண்ணீர் பிடிக்க வேண்டும். நிற்கும் நேரமெல்லாம் வரைபடத்தில் கோடு படுத்துக்கிடக்கும். நேரம் ஓடுகிறது, தூரம் நகரவில்லை. குன்னூரைத் தாண்டியதும் சாய்வு மறுபடி மாறும். அதே பாதையில் இறங்குவதற்கு மூன்றரை மணி நேரம் போதும் என்பதால், திரும்பி வரும் ரயிலுக்கு வேறொரு சார்பு எழுத வேண்டும்.

இவ்வளவையும் சொல்லிக் கொடுக்காதீர்கள். கால அட்டவணையையும் கட்டம் போட்ட தாளையும் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். எங்கே முறிகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இது பள்ளிக்கூடத்தோடு முடிகிற விளையாட்டும் இல்லை. ரயில்வே கட்டுப்பாட்டு அறைகளில் ரயில்களை ஓட்டுவதே இந்த வரைபடம்தான். ஒரு பக்கம் நேரம், இன்னொரு பக்கம் வரிசையாக நிலையங்கள், ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்கோடு. பாரிஸ்–லியோன் ரயில்களை இப்படிக் கோடுகளாகக் காட்டும் படத்தை பிரெஞ்சு அறிஞர் எத்தியேன்-ழூல் மாரே 1885இலேயே தன் நூலில் அச்சிட்டிருக்கிறார். நம் ஊரில் பென்சிலும் அளவுகோலுமாக நடந்த வேலை இன்று கணினித் திரைக்கு மாறியிருக்கிறது, கோடு மாறவில்லை.

கோவை–மேட்டுப்பாளையம் பாதை 36 கிலோமீட்டர், ஒற்றைத் தடம். ஒரு கற்பனைக் கணக்கு கொடுங்கள். கோவையிலிருந்து ஒரு ரயில் 30 கிலோமீட்டர் வேகத்தில், மேட்டுப்பாளையத்திலிருந்து இன்னொன்று 42 கிலோமீட்டர் வேகத்தில், இரண்டும் காலை 9 மணிக்குக் கிளம்புகின்றன. சமன்பாட்டைத் தீர்த்தால் 9.30க்கு, கோவையிலிருந்து 15ஆவது கிலோமீட்டரில் கோடுகள் வெட்டும். புத்தகத்தில் கணக்கு அத்தோடு முடிந்தது. ஒற்றைத் தடத்தில் இனிமேல்தான் தொடங்குகிறது. அந்த இடத்தில் இரண்டு ரயிலும் ஒதுங்க நிலையம் இருக்கிறதா? இல்லையென்றால் எந்த ரயிலை, எங்கே, எத்தனை நிமிடம் நிறுத்துவது? விடை தவறினால் என்ன ஆகும் என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கோவைக்குள் போய்வரும் பிள்ளைகள் இருந்தால் அவிநாசி சாலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம், உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர். மேலே போகிற காருக்கு ஏறக்குறைய ஒரே நேர்கோடு. கீழே லட்சுமி மில்ஸ், பீளமேடு, ஹோப்ஸ் என்று நின்று நின்று போகும் டவுன் பஸ்ஸுக்குப் படிக்கட்டு மாதிரி ஒரு கோடு. இரண்டையும் ஒரே தாளில் வரையச் சொல்லுங்கள்.

தேர்வுக்குச் சூத்திரம் வேண்டும், மறுப்பதற்கில்லை. அதை ஒரு வாரம் தள்ளிப் போடலாம். முதல் வாரம், ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரைந்து வரட்டும்: நடந்தது, பஸ்ஸுக்குக் காத்திருந்தது, பஸ்ஸில் வந்தது என மூன்று துண்டாக. காத்திருந்த நேரத்தை யாரும் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.