பந்தயத் தடத்தில் சொந்தக் கார்: முதல் இரண்டு நாள் பாடம்

(இயந்திரவியல், இறுதியாண்டு, பகுதி நேரப் பிரிவு)



"கார் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டால் லைசென்ஸ் வைத்திருக்கும் எல்லாரும் தெரியும் என்றுதான் சொல்வோம். "100 கி.மீ. வேகத்தில் போகும்போது பிரேக் பிடித்தால் உன் வண்டி எத்தனை மீட்டரில் நிற்கும்?" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்? ரோட்டில் அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. பார்க்கவும் கூடாது. அப்படிச் சோதிப்பதற்கென்றே உள்ள இடம் பந்தயத் தடம். சென்ற ஆண்டு ஒரு சனி, ஞாயிறு என் பழைய ஸ்விஃப்ட் காரை இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் ஓட்டிப் பார்த்தேன். அங்கே கற்றதை நம் பாடங்களோடு சேர்த்து இங்கே தருகிறேன்.

இது ரேஸ் அல்ல

முதலில் ஒரு விளக்கம். இந்த மாதிரி நாட்களை 'டிராக் டே' என்பார்கள். இதில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது. அனுபவத்தைப் பார்த்து வண்டிகளைக் குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் சுமார் 20 நிமிடம். புதியவர்கள் நேர்ப்பாதையில் மட்டும்தான் முந்தலாம். அதுவும் முன்னால் போகிறவர் கை காட்டி வழி விட்ட பிறகுதான். பக்கத்து சீட்டில் அனுபவசாலி ஒருவர் உட்கார்ந்து சொல்லித் தருவார்.

நம் ஊருக்கு இந்த விளையாட்டு புதிதல்ல. மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கப்பட்டது. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. பிறகு 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தது. ஒரு சுற்று 3.717 கி.மீ., மொத்தம் 12 வளைவுகள். கோவைப் பக்கம் செட்டிப்பாளையத்தில் இன்னொரு தடம் இருக்கிறது. 1995-ல் விமான விபத்தில் மறைந்த கரிவரதன் பெயர் அதற்கு வைக்கப்பட்டுள்ளது. மாருதி 800 இன்ஜினை வைத்து 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கியவர் அவர். பட்டறையில் நிற்கும் நமக்கெல்லாம் அவர் ஒரு முன்மாதிரி.

புறப்படும் முன்

தடத்துக்கு எந்த வண்டியில் போகிறோமோ அதே வண்டியில்தான் ஞாயிறு மாலை வீடு திரும்ப வேண்டும். திங்கட்கிழமை வேலைக்கும் அதுதான். சொந்தக் காரில் போவதன் முழுப் பாரமும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. ஆகவே ஒரு வாரம் முன்பே நான் இவற்றைப் பார்த்து வைத்தேன்.

1. பிரேக் ஆயில்: பழையதை முழுதும் வெளியேற்றிவிட்டுப் புது டாட் 4 ஊற்றினேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

2. பிரேக் பேட்: பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். பின் சக்கர டிரம்மையும் கழற்றிப் பார்ப்பது நல்லது.

3. டயர்: பட்டன் ஆழம் மட்டும் போதாது. பக்கச் சுவரில் வெடிப்பு, புடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

4. வீல் நட்: டார்க் ரெஞ்சு வைத்து 85 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினேன். இது ஸ்விஃப்டுக்கு உரிய அளவு. காலால் மிதித்து முறுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், போல்ட் இழுபட்டுவிடும்.

5. உள்ளே கிடக்கும் சாமான்: தண்ணீர் பாட்டில், ஜாக்கி, கால் மிதியடி எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். ஒரு பாட்டில் உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இன்னொன்று, இன்சூரன்ஸ். வழக்கமான மோட்டார் பாலிசியில் ஒழுங்கு செய்யப்பட்ட பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருக்கும். அதாவது தடத்தில் வண்டி அடிபட்டால் செலவு முழுக்க நம் கையிலிருந்துதான். வாசலிலேயே "எது நடந்தாலும் என் பொறுப்பு" என்று கையெழுத்தும் வாங்கிக்கொள்வார்கள். கையெழுத்துப் போடும்போது என் ஆறு மாதச் சம்பளம் கண் முன் வந்து போனது உண்மை.

சனிக்கிழமை காலை: கொடிப் பாடம்

காரை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு மணி நேரம் வகுப்பு. பாதி நேரம் கொடிகளைப் பற்றியே போனது. தடத்தில் ஹாரன் பயன்படாது, கொடிதான் பேசும்.

மஞ்சள்: முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு: ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாகப் பிட்டுக்குத் திரும்பு. நீலம்: உன்னை விட வேகமான வண்டி பின்னால் வருகிறது. மஞ்சளில் சிவப்புப் பட்டை: தரையில் ஆயிலோ தண்ணீரோ இருக்கிறது, வழுக்கும். கறுப்பு: உன்னைத்தான், உள்ளே வா. கறுப்பு வெள்ளைக் கட்டம்: நேரம் முடிந்தது.

பிறகு உட்காரும் முறை. ஸ்டியரிங் உச்சியில் மணிக்கட்டை வைத்தால் முதுகு சீட்டை விட்டு எழக் கூடாது. பிரேக்கை முழுதும் அழுத்தும்போதும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். நம்மில் பலர் சீட்டைச் சாய்த்துப் படுத்தபடி ஓட்டுகிறோமே, அந்த நிலையில் பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்கவே முடியாது.

பிரேக்: சக்தி எங்கே போகிறது?

எனக்குச் சொல்லித் தந்த அண்ணன் முதல் செஷனில் சொன்ன வார்த்தை: "தம்பி, ஸ்பீடு யார் வேணும்னாலும் ஏத்தலாம். எறக்குறதுதான் வேலை. நீ இன்னிக்கு அதை மட்டும் கத்துக்கோ."

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுபவரோடு சேர்த்து வண்டியின் நிறை சுமார் 1000 கிலோ என்று வையுங்கள். இயக்க ஆற்றல் = ½ × நிறை × வேகத்தின் வர்க்கம். 120 கி.மீ. வேகத்தில் இது சுமார் 555 கிலோ ஜூல். 60 கி.மீ. வேகத்தில் சுமார் 139 கிலோ ஜூல்தான். வேகம் பாதியானால் ஆற்றல் கால் பாகம் ஆகிறது. மீதி சுமார் 416 கிலோ ஜூல், நேர்ப்பாதையின் முடிவில் இரண்டரை நொடிக்குள் வெப்பமாக மாறி டிஸ்க்கிலும் டிரம்மிலும் இறங்குகிறது. வீட்டில் ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பம் கிட்டத்தட்ட இவ்வளவுதான். கேஸ் அடுப்பில் அதற்குச் சில நிமிடம் ஆகும். இங்கே ஒவ்வொரு சுற்றிலும் இது நடக்கிறது, அதுவும் பல முறை.

இதில் பெரும் பங்கு முன் டிஸ்க்குகளுக்கே போகிறது. காரணம், பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்கிறது. என் வண்டியின் சக்கர இடைவெளி 2.43 மீட்டர். ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், வேகம் நொடிக்கு நொடி 7 மீட்டர் வீதம் குறைவதாகவும் வைத்தால், சுமார் 150 கிலோ பாரம் பின் சக்கரங்களிலிருந்து முன் சக்கரங்களுக்கு மாறுகிறது. இதனால் பிரேக்கைப் படக்கென்று குத்தக் கூடாது. முதலில் அழுத்தி, பாரம் முன்னால் வந்ததும் முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். வளைவு நெருங்க நெருங்கக் காலை மெல்ல எடுக்க வேண்டும். மாலைக்குள் இது எனக்கு ஓரளவு கைவந்தது, இல்லை, கால்வந்தது!

வளைவு: பெரிய வட்டம் தேடு

வளைவில் டயர் தாங்கும் உச்ச வேகத்தை நம் மெக்கானிக்ஸ் பாடம் சொல்கிறது: உராய்வுக் கெழு, ஈர்ப்பு முடுக்கம், வளைவின் ஆரம் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். உராய்வுக் கெழு 0.8, ஆரம் 40 மீட்டர் என்றால் உச்ச வேகம் சுமார் 64 கி.மீ. அதே வளைவுக்கு வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, நடுவில் உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போனால் நாம் ஓட்டும் வட்டம் பெரிதாகிறது. ஆரம் 60 மீட்டர் ஆனால் உச்ச வேகம் 78 கி.மீ. இன்ஜினில் ஒரு நட்டைக்கூடத் தொடாமல் 14 கி.மீ. கூடுதல்! 'ரேசிங் லைன்' என்பதன் சூட்சுமம் இதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டயருக்கு இருக்கும் பிடிமானம் ஒரே ஒரு பை. பிரேக்குக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், திருப்புவதற்கும் அதிலிருந்துதான். முழு பிரேக்கில் பிடிமானம் முழுவதும் செலவாகும்போது திருப்பினால் கொடுக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. வண்டி நேராகவே போகும். ஆகவே புதியவர்களுக்குச் சட்டம் எளிது: நேராக இருக்கும்போது பிரேக், பிறகு திருப்பு, வெளியேறும்போது ஆக்சிலேட்டர்.

டயர்க் காற்றும் வாயு விதியும்

காலையில் 30 பி.எஸ்.ஐ. வைத்த டயர், 20 நிமிட ஓட்டம் முடிந்ததும் 36 காட்டியது. பக்கத்தில் நின்ற ஒருவர் கேஜ் தப்பு என்றார். தப்பே இல்லை. வளிமண்டல அழுத்தத்தைச் சேர்த்தால் 30 என்பது 44.7. உள்ளிருக்கும் காற்று 30 டிகிரி செல்சியஸிலிருந்து 70 டிகிரிக்குச் சூடேறினால், 44.7-ஐ 343-ஆல் பெருக்கி 303-ஆல் வகுக்க வேண்டும். விடை 50.6. வளிமண்டலத்தைக் கழித்தால் சரியாக 36 வருகிறது. முதலாண்டு இயற்பியல் புத்தகம் சக்கரத்துக்குள் உட்கார்ந்திருந்தது! காற்று அதிகமானால் டயர் தரையில் பதியும் பரப்பு குறைந்துவிடும். அதனால் சூடாக இருக்கும்போது கொஞ்சம் இறக்கினேன். வீடு திரும்பும் முன், டயர் ஆறியதும் மறக்காமல் பழைய அளவுக்கு ஏற்றினேன்.

ஞாயிறு: கொதித்த பிரேக் ஆயில்

இரண்டாம் நாள் காலை எங்கள் குழுவில் ஒரு வண்டி நேர்ப்பாதை முடிவில் வளையாமல் அப்படியே மண்ணுக்குள் போய் நின்றது. ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிட்டுக்கு இழுத்து வந்ததும் அவர் சொன்னது: "பெடல் தரை வரைக்கும் போயிடுச்சு அண்ணா. பிரேக்கே இல்ல." பிரேக் ஆயில் மாற்றி எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டார்கள். வண்டி வாங்கியதிலிருந்து மாற்றவில்லையாம்.

நடந்தது என்ன? பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது. புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி. ஈரம் ஏறியபின் அதற்கான அளவு 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205-ம் 140-ம். சூட்டில் ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடலை மிதிக்கும் அழுத்தம் எல்லாம் குமிழை நசுக்கவே செலவாகி, காலிப்பருக்குப் போய்ச் சேராது.

அவர் நின்ற இடம் பரந்த மண்தரை. இதே வண்டி குடும்பத்தோடு மலைப்பாதையில் இறங்கும்போது அந்தப் பெடல் தரையைத் தொட்டிருந்தால்? அன்று நாங்கள் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மதிய இடைவேளையில் நாலைந்து பேர் தங்கள் பானெட்டைத் திறந்து ஆயில் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதனால்தான் ஒவ்வொரு செஷனின் கடைசிச் சுற்றையும் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி வண்டியை ஆற விடுகிறார்கள். உள்ளே வந்ததும் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும்.

ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டியது

ஆரம்பக் கேள்விக்கு வருவோம். 100 கி.மீ. வேகத்தில், நல்ல டயர், காய்ந்த தார், முழு பிரேக் என்றால் சுமார் 55 மீட்டர். கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆனால் அதற்கு 28 மீட்டர் தனி. மொத்தம் 83 மீட்டர். இதுவும் முன்கூட்டியே தயாராக இருந்தவனுக்குத்தான். ராத்திரியில் ஈ.சி.ஆர். ரோட்டில் 'ஒரு கை பார்ப்போம்' என்று கிளம்பும் நண்பர்கள் இந்த எண்ணை மனதில் வையுங்கள். ஹெட்லைட்டில் ஒரு மாடு தெரியும்போது உங்களிடம் 83 மீட்டர் இருக்குமா? அங்கே கொடி காட்டுபவர் இல்லை, மண்தரை இல்லை, ஆம்புலன்ஸ் காத்திருக்கவில்லை. பொது ரோட்டில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றமும்கூட.

தடத்துக்குப் போக வசதியில்லையே என்று வருந்த வேண்டாம். பந்தய நாட்களில் கொடி காட்டும் மார்ஷல்களில் பலர் தன்னார்வலர்களே. வேலி ஓரம் நின்று பார்த்தாலே பாதிப் பாடம் வந்துவிடும். மீதிப் பாதி நம் பட்டறையிலேயே இருக்கிறது. இந்த வாரம் உங்கள் வீட்டு வண்டி காரோ பைக்கோ, பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து பாருங்கள். நிறம் கறுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான்.