மெஷினை மூடும் நேரம்

கொட்டாஞ்சேனை
2021 செப்டெம்பர் 12, ஞாயிறு

அன்புள்ள மகள்,

சுகமா என்று கேட்டால் "ஓம் பெரியம்மா, நல்லா இருக்கிறன்" என்றுதான் சொல்லுவாய். அதனால் கேட்கவில்லை. அம்மா நேற்றுப் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். இரவு பன்னிரண்டு மணிக்கும் உன் லப்டொப் வெளிச்சம் அணைவதில்லையாம். மத்தியானச் சோற்றைப் பிசைந்து வைத்தபடியே கூட்டத்தில் பேசுகிறாயாம். போன கிழமை குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாயாம். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடியும் கதிரையில் இருந்தாயாம். கொரோனா ஊரடங்கை 21ஆம் திகதிவரை நீட்டிவிட்டார்கள். வெள்ளவத்தைக்கு வந்து உன் பக்கத்தில் இருக்க எனக்கு வழியில்லை. ஆகவே எழுதுகிறேன். பக்கத்து வீட்டுத் தம்பி இதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவான். அடுத்த கூட்டம் தொடங்குவதற்குள் வாசித்து முடிக்கப் பார்க்காதே.

போன வருஷம் மார்ச் 20இலிருந்து 27வரை வீட்டிலிருந்தே வேலை செய்யும் வாரம் என்று அரசாங்கம் அறிவித்தபோது எல்லோரும் அதைப் புதினமாகக் கதைத்தார்கள். எங்கள் பகுதிப் பெண்களுக்கு அது புதினமே இல்லை. ஜம்பட்டா வீதியை அண்டிய ஒழுங்கைகளில் முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுப் பிழைத்தவர்கள், இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தவர்கள், விறாந்தையில் டியூஷன் சொல்லிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்! உன் பெரியப்பா போன பிறகு நானும் அப்படித்தான் பிள்ளைகளை ஆளாக்கினேன். கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது. வீட்டுக்குள்ளேயே வேலை செய்கிறவளின் உடம்புக்கும் மனதுக்கும் என்ன நடக்கும் என்பது தெரியும்.

கந்தோர் வேலைக்கு ஒரு வாசல் உண்டு. பஸ் ஏறி வீடு வந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். வீட்டிலிருந்தே வேலை செய்கிறவளுக்கு அந்த வாசலை ஒருவரும் கட்டித் தரமாட்டார்கள். தீபாவளிக்கும் நத்தாருக்கும் இடைப்பட்ட மாதங்களில் என் வீட்டுக் கதவை இரவு பத்து மணிக்கும் தட்டுவார்கள். "அக்கா, நாளைக்குக் காலமை கலியாணம், சட்டைக்கு ஓரம் மட்டும் அடிச்சுத் தாங்கோ." ஓரம் மட்டும் என்றுதான் எல்லாம் தொடங்கும். எனக்குத் தையல் பழக்கிய மூத்த அம்மா ஒருவர்தான் ஒரு வழக்கத்தைச் சொல்லித் தந்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் பொபினைக் கழற்று, ஊசியிலிருந்து நூலை உருவு, மெஷினுக்கு மேல் துணியைப் போடு. நூல் கோத்திருந்தால் இன்னும் இரண்டு வரி அடிக்கக் கை போகும், உருவிவிட்டால் போகாது. துணி போட்ட பிறகு யார் வந்தாலும், "மெஷின் மூடியாச்சு, நாளைக்கு வாங்கோ" என்பேன். இரண்டொருவர் கோபித்துக்கொண்டு வேறிடம் போனார்கள். மற்றவர்கள் நேரத்தோடு வரப் பழகிக்கொண்டார்கள். அந்தத் துணி விழுந்தால் அம்மா இனித் தங்களுக்குத்தான் என்று என் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது.

உனக்கும் அப்படியொரு துணி வேண்டும். லப்டொப்பை மூடிப் பையில் போடு, பையை அலுமாரிக்குள் வை. சாப்பாட்டு மேசையில் விட்டுவைக்காதே. உங்கள் பிளாட்டில் இரண்டே அறை. ஒன்றில் தம்பி ஏ.எல். வகுப்புக்குப் போனும் கையுமாக இருக்கிறான். மேசைதான் உன் கந்தோர். அது எனக்கு விளங்குகிறது. சாப்பாட்டு நேரத்தில் அந்த மேசை சாப்பாட்டு மேசையாக மாறத்தான் வேண்டும். வயரைக் கழற்று, துடை, தட்டை வை. ஐந்து நிமிஷ வேலை.

நேரக் கணக்கையும் பார்த்தேன். உன் வாடிக்கையாளர்கள் லண்டனில். அவர்களுக்குக் காலை 9 மணி என்றால் இப்போது எங்களுக்குப் பிற்பகல் 1.30, அவர்கள் மாலை 5 மணிக்கு எழும்பிப் போகும்போது இங்கே இரவு 9.30. கொழும்பில் இருக்கும் உன் மேலதிகாரியோ காலை 8.30க்கே உன்னைத் தேடுகிறார். ஒரு உடம்பில் இரண்டு வேலைநாள் ஓடுகிறது, பிள்ளை. அந்த நாட்டு நேரத்துக்கு வேலை செய்ய வேண்டும் என்றால் செய். அப்படியானால் காலை நேரம் உன்னுடையது. அதைக் கேட்பதற்கு நீ கூச்சப்பட வேண்டியதில்லை. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்றுதான் வழமையான வேலைநேரத்தை வரையறுத்திருக்கிறது. காரியாலயம் உன் வீட்டு மேசைக்கு வந்துவிட்டதால் அந்தக் கணக்கு நீளவேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த மே மாதம் உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனமும் சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டன. பத்திரிகையில் வாசித்ததிலிருந்து அது என் மனதை விட்டுப் போகவில்லை. கிழமைக்கு 55 மணித்தியாலமும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களுக்கு, 35இலிருந்து 40 மணித்தியாலம் செய்கிறவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 வீதம் அதிகமாம். இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 வீதம் அதிகமாம். 2016ஆம் ஆண்டில் மட்டும் நீண்ட வேலைநேரத்தால் 745,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். உன் மணித்தியாலங்களை ஒரு கொப்பியில் எழுதிப் பார். அம்மா சொன்னதை வைத்து நான் கூட்டிப் பார்த்தால் 55ஐத் தாண்டுகிறது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நீ அழுததைவிட, தண்ணீரைத் திறந்துவிட்டு அழுததுதான் எனக்குப் பெரிய கவலை. அந்தப் பழக்கம் உனக்கு எங்களிடமிருந்து வந்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் யன்னல்களைப் பூட்டி, விளக்கை அணைத்து, பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தோம். வெள்ளவத்தையில் வீடு எரிந்தவர்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் அகதிகளாகக் கிடந்தார்கள். பிறகு பொலிஸ் பதிவு, அடையாள அட்டைச் சோதனை, நடுச்சாமத்துக் கதவுத் தட்டல். 2007 ஜூன் 7 விடியற்காலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. அந்தக் காலங்களில் சத்தம் காட்டாமல் இருந்தவர்கள்தான் தப்பினார்கள். அதனால் எங்கள் வீடுகளில் சத்தமில்லாமல் தாங்குவது நல்ல குணமாகிவிட்டது. நல்ல பிள்ளை என்றால் முறைப்பாடு சொல்லாத பிள்ளை.

இன்றைக்கு உன்னிடம் வேலை கேட்கிறவர் கதவை உடைத்து உள்ளே வருகிறவர் இல்லை. நீ சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியவே போவதில்லை. ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் முடித்துத் தருகிறவளுக்குத்தான் அடுத்த வேலையும் போய்ச் சேரும். நாங்கள் உயிர் தப்பப் பழகிய மௌனத்தை நீ சம்பளத்துக்காகக் கடைப்பிடிக்காதே.

தாங்குவதற்கும் அளவு உண்டு என்பதைப் போன வருஷம் கண்ணால் கண்டேன். பேலியகொடை மீன் சந்தையிலிருந்து தொற்றுப் பரவியதும் ஒக்டோபர் கடைசியில் எங்கள் கொட்டாஞ்சேனைப் பொலிஸ் பிரிவையும் மூடினார்கள். முகத்துவாரம், மட்டக்குளி எல்லாம் மூடிக் கிடந்தன. தோட்டத்து வீடுகளில் ஒரு அறைக்குள் ஆறேழு பேர், பொதுக் குழாய், பொதுக் கக்கூசு, நாட்கூலி இல்லை. அங்கே சமாளித்தவர்கள் வாய்விட்டுக் கேட்டவர்கள்தான். ஒரு வீட்டில் மருந்து முடிந்தால் மற்ற வீடு கேட்டு வாங்கிக் கொடுத்தது. பேசாமல் கிடந்த ஒரு வயோதிபர் நீரிழிவு மருந்து முடிந்ததை ஒருவருக்கும் சொல்லவில்லை. அவர் விழுந்த பிறகுதான் ஒழுங்கைக்கே தெரிந்தது.

உடம்பைப் பற்றி ஒரு தையல்காரியின் சொல். குனிந்த கழுத்து ஒருநாளில் வலிக்காது. அது வருஷக் கணக்கில் கடன் சேர்க்கும். என் கழுத்தில் எலும்பு தேய்ந்திருப்பதை நீ எக்ஸ்ரேயில் பார்த்தாய்தானே. தம்பியின் பழைய பாஸ்ற் பேப்பர் கட்டுகளை லப்டொப்புக்குக் கீழே அடுக்கு, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும். கீபோட்டைத் தனியாக வாங்கிக்கொள். அதைக் கொம்பனியிடமே கேள். கால் இரண்டும் தரையில் படவேண்டும், படாவிட்டால் ஒரு பலகையை வை. ஊசிக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால் பார்வை மங்கும் என்று நான் இடைக்கிடை எழும்பி, யன்னலால் லூசியாள் பேராலயத்தின் கோபுரத்தைப் பார்ப்பேன். உனக்குக் கடலே இருக்கிறது. மரைன் டிரைவில் நடக்க இப்போது விடமாட்டார்கள். மொட்டை மாடிக்குப் படியால் ஏறு, லிப்ட் வேண்டாம். மாலை ஆறு மணிக்கு ஒரு கால்மணி நேரம், போனைக் கீழே விட்டுவிட்டு.

ஒன்றை வெட்கப்படாமல் எழுதுகிறேன். கூட்டம் முடியட்டும் என்று மூத்திரத்தை அடக்கி வைக்காதே. தையல்காரிகள் எத்தனை பேர் இதனால் கிருமித் தொற்று வந்து காய்ச்சலில் படுத்தார்கள் தெரியுமா? கமராவை நிறுத்திவிட்டு எழும்பிப் போ. தண்ணீர் குடி. பால்மாத் தட்டுப்பாட்டால் இப்போது எல்லா வீட்டிலும் வெறுந் தேத்தண்ணிதான். அதையே நாளுக்கு ஏழெட்டுத் தரம் குடித்துவிட்டு நித்திரை வரவில்லை என்று சொல்லாதே. பின்னேரத்துக்குப் பிறகு கொத்தமல்லி அவித்துக் குடி. அது கொரோனாவை மாற்றும் என்று நான் சொல்லவில்லை. நித்திரையைக் கெடுக்காது, அவ்வளவுதான். இருபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் தடுப்பூசி தொடங்கியிருக்கிறது. உன் முறை வந்தால் பிந்தாமல் போடு, போட்ட மறுநாள் லீவு சொல்லு. காய்ச்சலோடு கூட்டத்தில் இருந்து ஒருவருக்கும் பிரயோசனமில்லை.

அம்மாவோடும் நான் கதைத்தேன். நீ வீட்டில் இருக்கிறாய் என்பதால் நீ சும்மா இருக்கிறாய் என்று அந்த வீடு நினைக்கிறது. தேங்காய் துருவவும் உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள், காஸ் தேடி ஓடவும் உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள். தம்பிக்குக் கையில்லையா? இரவுச் சாப்பாட்டுக் கோப்பைகளை இனி அவன் கழுவட்டும், பருப்பு அவிக்கவும் படிக்கட்டும். அப்பாவுக்கும் சொல்லியிருக்கிறேன். நாங்கள் வருத்தத்தில் விழுந்தபோதும் நாங்கள்தான் சமைத்தோம்; உன் காலத்திலாவது அது மாறட்டும்.

மனதின் கதை இன்னொன்று. ஓகஸ்டில் ஒரே நாளில் 200 பேருக்கு மேல் கொரோனாவால் செத்தார்கள். உன்னோடு வேலை செய்த பிள்ளையின் தகப்பன் போனதும் எனக்குத் தெரியும். செத்தவீட்டை சூமில் பார்த்துவிட்டு அடுத்த நிமிஷம் வேலைக் கூட்டத்தில் இருந்தாய். எந்த மனம் அதைத் தாங்கும்? செத்தவீட்டுக்குப் போனால் கட்டிப்பிடித்து அழுது, வந்து முழுகி, அன்றைக்கு அடுப்பு மூட்டாமல் இருப்போமே. துக்கத்துக்கு அந்த ஒருநாள் தேவை. அதையும் லீவாக எடு. இரவு முழுக்க நித்திரை வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு கிழமை தொடர்ந்தால் அது சோம்பல் இல்லை, வருத்தம். வைத்தியரிடம் சொல்ல வேண்டிய வருத்தம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். உன் போனில் அதைப் பதிந்து வை. அம்மாவிடம் சொல்ல முடியாததை என்னிடம் சொல்லு, என்னிடமும் முடியாவிட்டால் அங்கே சொல்லு. குழாய்த் தண்ணீருக்கு மட்டும் சொல்லாதே.

இன்றைக்கு ஞாயிறு. மேலதிகாரிக்கு நாலு வரி எழுது: இன்ன மணியிலிருந்து இன்ன மணிவரை வேலை செய்வேன், அதற்குப் பிறகு அவசரம் என்றால் போன் எடுங்கள், வட்ஸ்அப்பில் வருவதற்குக் காலையில்தான் பதில், வெள்ளிக்கிழமை எனக்கு லீவு வேண்டும். மன்னிப்புக் கேட்டுத் தொடங்காதே. காரணமும் நீட்டி எழுதாதே. நாளைக் காலையில் அனுப்பு. அனுப்பியதும் எனக்கு ஒரு வரி போடு, நான் விடிய எழும்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
பெரியம்மா