சட்டம் அறிவோம்: குடும்பக் கோர்ட்டும் கம்பெனிப் பங்கும்



நம் குழுப் பெண்கள் பலர் இன்று உற்பத்தியாளர் கம்பெனியில் பங்கு வாங்கி உறுப்பினராக இருக்கிறார்கள். "வீட்டுக்காரரோட பிரச்சனை வந்து பிரிஞ்சுட்டா என் பங்கு என்ன ஆகும்? குடும்பக் கோர்ட்டிலேயே அதையும் கேட்கலாமா?" என்ற சந்தேகம் வருவது இயல்பு. இந்த மாதம் அதைத்தான் படிக்கப் போகிறோம்.

குடும்ப நீதிமன்றம்

1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டப்படி விவாகரத்து, ஜீவனாம்சம், பிள்ளைகள் யாரிடம் இருப்பது, கணவன் மனைவிக்குள் சொத்துத் தகராறு ஆகியவை இங்கே வரும். சமரசம் உண்டாக்கவும் உண்மையைக் கண்டறியவும் இந்த நீதிமன்றம் தனக்கென நடைமுறை வகுத்துக்கொள்ளலாம் என்கிறது 10-ஆம் பிரிவு. இதனால் நமக்கு என்ன லாபம்?

* வக்கீல் கட்டாயம் இல்லை. நாமே நேரில் பேசலாம்.
* "மற்றவர் முன்னால் பேசக் கூச்சமாக இருக்கிறது" என்று நாம் கேட்டால், விசாரணையைத் தனி அறையில் நடத்த வேண்டும்.
* வழக்கைத் தீர்க்க உதவும் என்று நீதிபதி கருதினால் எந்த ஆவணத்தையும் ஏற்கலாம். அதனால் குழுப் பதிவேடு, பாஸ்புக் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

கம்பெனி விவகாரம்

மேலே சொன்ன அதிகாரம் குடும்ப வழக்குக்கு மட்டும்தான். கம்பெனி விஷயத்துக்குக் குடும்பக் கோர்ட் விதி போட முடியாது. அதற்கு 2016 முதல் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கான அமர்வு சென்னையில் உள்ளது. அதன் விதிகளை வகுத்தது மத்திய அரசு. உற்பத்தியாளர் கம்பெனியில் நிர்வாகம், தொழில் பற்றி உறுப்பினர்களுக்குள் தகராறு வந்தால் சமரசம் அல்லது நடுவர் தீர்ப்பு மூலம் தீர்க்க வேண்டும் என்பது சட்டம்.

ஓர் உதாரணம்

ஒரு சகோதரியின் நகையையும் பங்குப் பத்திரத்தையும் கணவர் எடுத்து வைத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். இது கணவன் மனைவி சொத்துத் தகராறு. குடும்ப நீதிமன்றத்தில் கேட்கலாம். ஆனால் கம்பெனி நிர்வாகமே அவர் பெயரை உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால், அது கம்பெனித் தகராறு. குடும்பக் கோர்ட்டில் போய் நின்றால் அலைச்சல்தான் மிச்சம்.

ஒன்றை மறக்க வேண்டாம். பிரிந்து வாழ்வதாலேயே உங்கள் பெயரில் உள்ள பங்கு கணவருக்குப் போய்விடாது. இயக்குநர் குழுவின் முன் அனுமதி இல்லாமல் அதை யாருக்கும் மாற்றவும் முடியாது.

உடனே செய்ய வேண்டியவை

1. பங்குப் பத்திரத்தை நகல் எடுத்து வையுங்கள்.
2. உறுப்பினரான 3 மாதத்துக்குள் வாரிசு நியமனம் கொடுக்க வேண்டும். கொடுத்தோமா என்று பாருங்கள்.
3. வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

* நம் குழுவில் எத்தனை பேர் கம்பெனிப் பங்கு வைத்திருக்கிறோம்? பத்திரம் யார் கையில் இருக்கிறது?
* வாரிசாக யார் பெயரைக் கொடுத்திருக்கிறோம்? அதை நாமே முடிவு செய்தோமா?