இராயபுரத்திலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?

இராயபுரம், திருவொற்றியூர்க் கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால், துறைமுகத்தில் இடம் கிடைக்கக் காத்து நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களைக் காணலாம். அவற்றுள் ஒன்று சிங்கப்பூர் செல்வதாகக் கொள்வோம். தூரம் எவ்வளவு? போய்ச் சேர எத்தனை நேரமாகும்?

பள்ளியிலுள்ள உலக உருண்டையை எடுங்கள். தட்டையான வரைபடம் இதற்கு உதவாது. உருண்டையை விரித்துக் காகிதமாக்கும்போது தூரங்கள் மாறிவிடுகின்றன. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். உருண்டையின் சுற்றளவு 94 செ.மீ. என்றால் நூல் ஏறத்தாழ 6.8 செ.மீ. இருக்கும். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. எனவே தூரம் ஏறத்தாழ 2,900 கி.மீ. கப்பல்காரர் கணக்கில் இது சுமார் 1,570 கடல் மைல் (ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.).

நூல் செல்லும் வழியைக் கவனித்தீர்களா? நிக்கோபார் தீவுகளின் தென்முனையை ஒட்டிச் சென்று சுமத்ராவின் வடகோடியை உரசுகிறது. கப்பலோ அக்கோடிக்குச் சற்று வடக்கே விலகி மலாக்கா நீரிணைக்குள் நுழைந்துவிடும். ஆகவே அதன் பாதை நூலைவிட அதிக நீளமில்லை. 1,600 கடல் மைல் என்று வைத்துக்கொள்ளலாம். எல்லா ஊருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. மும்பை நமக்கு நேர்கோட்டில் 1,030 கி.மீ. தான். ஆனால் பாக் நீரிணையும் இராமர் பாலமும் ஆழமற்றவை. பெரிய கப்பல் இலங்கையைச் சுற்றித்தான் போகவேண்டும். கப்பலுக்கு மும்பையும் ஏறக்குறைய சிங்கப்பூர்த் தொலைவிலேயே இருக்கிறது!

மணிக்கு 15 கடல் மைல் செல்லும் சரக்குக் கப்பலுக்கு 1,600ஐ 15ஆல் வகுத்தால் சுமார் 107 மணி, அதாவது நாலரை நாள். 1970களில் இங்கிருந்து பயணிகளை ஏற்றிச் சென்ற எம்.வி. சிதம்பரம் நாகப்பட்டினம், பினாங்கு முதலிய இடங்களில் நின்று சென்றதால் இன்னும் அதிக நாள் பிடித்தது. 1985இல் அதில் தீப்பிடித்தது. அத்துடன் அந்தப் பயணிகள் சேவையும் முடிந்தது.

விமானத்திற்கு மணிக்கு 850 கி.மீ. வேகம் என்றால் கணக்குப்படி மூன்றரை மணிக்கும் குறைவே. மேலெழவும் இறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்து 4 மணி எனலாம்.

இப்போது ஒரு புதிர். காலை 8 மணிக்குச் சென்னையில் கிளம்பும் விமானம் சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே பிற்பகல் 2.30. அங்கிருந்து மாலை 4 மணிக்குக் கிளம்பினால் இங்கே 5.30க்கு இறங்குகிறது. போக ஆறரை மணி, வர ஒன்றரை மணியா? இல்லை. பயணச்சீட்டில் அந்தந்த ஊர் நேரமே அச்சாகிறது. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. போகும்போது அதைக் கழியுங்கள், வரும்போது கூட்டுங்கள். இரண்டும் 4 மணிதான். விமான நிலையத்தில் உறவினருக்காகக் காத்திருப்போர் இதை மறந்தால் வீணாகப் பதறவேண்டியிருக்கும்.

இந்த இரண்டரை மணி முழுவதும் சூரியன் தந்ததன்று. இரு நகரங்களின் தீர்க்கரேகைகளுக்கு இடையே சுமார் 23½ பாகை வேறுபாடு. பாகைக்கு 4 நிமிடமாக 94 நிமிடந்தான் வருகிறது. மீதி அரசுகள் வகுத்தது. மலேசியாவை ஒட்டி, சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 முதல் தன் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளிவைத்தது. அப்படியானால் 1981 டிசம்பரில் இதே நான்கு மணிப் பயணம், போகும்போதும் வரும்போதும், கடிகாரப்படி எத்தனை மணியாகத் தோன்றியிருக்கும்? கணக்கிட்டுப் பாருங்கள்.