வியாசர்பாடியில் வீடு மாற்றுகிறீர்களா? முதலில் பள்ளியைப் பாருங்கள்

ஏப்ரல் பிறந்தால் வியாசர்பாடித் தெருக்களில் குட்டியானை வண்டிகளில் பீரோவும் கட்டிலும் ஏறத் தொடங்கிவிடும். வாடகை கூடியிருக்கும், குடியிருப்பை இடித்துக் கட்டப்போவதாக நோட்டீஸ் வந்திருக்கும், அல்லது துறைமுகத்திலோ மணலியிலோ வேலை கிடைத்திருக்கும். பெரம்பூரா, எம்.கே.பி. நகரா, கொடுங்கையூரா, தண்டையார்பேட்டையா, திருவொற்றியூரா என்று அலசும்போது வாடகை, தண்ணீர், அட்வான்ஸ் எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். பிள்ளைகளின் பள்ளியை மட்டும் ஜூன் முதல் வாரத்துக்குத் தள்ளிவிடுகிறோம். அதை முதலில் முடிவு செய்ய உதவும் குறிப்புகள் இவை.

1. வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்தப் பகுதியில் இரண்டு மூன்று பள்ளிகளையாவது நேரில் பாருங்கள். பள்ளி நடக்கும் நாளில் போக வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, உங்கள் பிள்ளை சேரப்போகும் வகுப்பில் ஆசிரியர் இருக்கிறாரா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அரசுப் பள்ளிகளில் அண்மை ஆண்டுகளாக மார்ச் மாதமே அடுத்த ஆண்டுச் சேர்க்கை தொடங்கிவிடுகிறது. எனவே பார்த்த அன்றே பெயரைப் பதியவும் முடியும்.

2. பெயர்ப்பலகையை முழுதாகப் படியுங்கள். 'சென்னை உயர்நிலைப் பள்ளி', 'சென்னை மேல்நிலைப் பள்ளி' என்று இருந்தால் மாநகராட்சி நடத்துவது. 'அரசு' என்று தொடங்கினால் பள்ளிக் கல்வித் துறையுடையது. 'அரசு உதவி பெறும்' என்று இருந்தால் நிர்வாகம் தனியாருடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது. பெரம்பூரிலும் ராயபுரத்திலும் இப்படிப்பட்ட பழைய பள்ளிகள் உண்டு. நல்ல பெயரெடுத்தவையும் இருக்கின்றன. ஆனால் பெற்றோர் பலர் இவற்றையும் அரசுப் பள்ளி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நினைப்பால் என்ன இழப்பு என்பதை அடுத்த குறிப்பில் பாருங்கள்.

3. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அது நீண்டது. மாநகராட்சிப் பள்ளியும் இந்தக் கணக்கில் அரசுப் பள்ளிதான். உதவி பெறும் பள்ளி சேராது. வீடு மாறிய அவசரத்தில் ஏழாம் வகுப்பை மட்டும் பக்கத்து உதவி பெறும் பள்ளியில் படித்துவிட்டு எட்டில் மாநகராட்சிப் பள்ளிக்குத் திரும்பினாலும் அந்த ஓராண்டு சங்கிலியை அறுத்துவிடும். டாக்டர் ஆகிறேன், இன்ஜினீயர் ஆகிறேன் என்று சொல்லும் பிள்ளையிடமிருந்து ஒரு வாசலை நாமே பூட்டிவிடுகிறோம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு மட்டும் விலக்கு உண்டு. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில், உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டுவிட்டார்கள். 7.5 விழுக்காட்டில் அவர்களுக்கு இடமில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஐந்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த ஒன்றுக்காகவே அரசு அல்லது மாநகராட்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

4. பள்ளி மாறும் சாக்கில் யோசிக்காமல் தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாற்றாதீர்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்பது இப்போதைய விதி.

5. பள்ளி எதுவரை இருக்கிறது? தொடக்கப் பள்ளி என்றால் ஐந்தாம் வகுப்பு, நடுநிலை எட்டு, உயர்நிலை பத்து, மேல்நிலை பன்னிரண்டு. மூத்தவள் ஒன்பதிலும் இளையவன் நான்கிலும் இருந்தால் இரண்டு பள்ளிகளும் ஒரே வழியில் அமைகிற இடமாகப் பாருங்கள். பத்தை நெருங்கும் பிள்ளைக்கு, விரும்பும் குரூப் அந்த மேல்நிலைப் பள்ளியில் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

6. வழியை நடந்து பாருங்கள். வட சென்னையில் தூரத்தைவிட வழிதான் முக்கியம். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் எட்டு வரையுள்ள பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது கட்டாயக் கல்வி உரிமைச் சட்ட விதி. ஆனால் அந்த ஒரு கிலோமீட்டருக்கு நடுவே ரயில் பாதை வந்தால்? கொருக்குப்பேட்டை கேட் மூடிக்கொண்டால் பிரேயருக்குப் போய்ச் சேர முடியாது. கணேசபுரம் சுரங்கப்பாதை கனமழையில் நிரம்பிவிடும். எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கமும் மணலிப் பக்கமும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பிள்ளை சாலையைக் கடக்க வேண்டியிருக்கும். திருவொற்றியூருக்குக் குடிபோய்விட்டுப் பழைய பள்ளியையே தொடர நினைத்தால், கும்மிடிப்பூண்டி மார்க்க ரயிலில் வந்து பேசின் பிரிட்ஜில் இறங்கி, வியாசர்பாடி ஜீவாவுக்கு வேறு ரயில் ஏற வேண்டும். மேல்நிலை வகுப்புப் பிள்ளைக்குச் சரி, ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வேண்டாம். பாதை கடக்காமல் போகும் பள்ளி கொஞ்சம் சுமாராகத் தெரிந்தாலும் சின்னப் பிள்ளைகளுக்கு அதையே சொல்வேன்.

7. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டுவதற்காக மாறுகிறவர்கள், திரும்பி வரப்போகிறோம் என்பதை மனதில் வைத்து, இப்போதைய பள்ளிக்கு எட்டும் தூரத்திலேயே வாடகை வீடு தேடுங்கள். மறுகுடியமர்வில் நகரின் தென்கோடியான பெரும்பாக்கத்துக்குப் போக நேர்ந்தால், படிப்பு ஆண்டின் நடுவில் மாற்ற வேண்டாம், ஏப்ரல் வரை நேரம் கொடுங்கள் என்று எழுத்தாக மனு கொடுங்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து கொடுப்பது நல்லது.

8. டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வரவில்லை என்று பிள்ளையை வீட்டில் உட்கார வைக்காதீர்கள். எட்டாம் வகுப்பு வரை, டி.சி. தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. பிறப்புச் சான்று இல்லை என்றாலும் மறுக்க முடியாது. தனியார் பள்ளியில் கட்டண பாக்கி இருந்தால்? பாக்கியை வசூலிக்க டி.சி.யை ஒரு கருவியாக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பிள்ளையின் எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) மறக்காமல் குறித்து வாங்குங்கள். பழைய பள்ளி தன் பட்டியலிலிருந்து விடுவித்தால்தான் புதிய பள்ளியில் பெயர் ஏறும்.

9. பத்து, பன்னிரண்டில் இருக்கும் பிள்ளையை ஆண்டின் நடுவில் மாற்றாதீர்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்க வைத்தாவது தேர்வை முடிக்கட்டும்.

10. விடிகாலையில் வேலைக்குக் கிளம்பும் தாய்மார்கள் காலை உணவைக் கட்டாயம் விசாரியுங்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பிள்ளைகளுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து இது எங்கும் உண்டு. நகரத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டில்தான் வந்தது.

11. தலைமை ஆசிரியரிடம் பேசிய பிறகு, பள்ளி விடும் நேரத்தில் வாசலில் காத்திருக்கும் அம்மாக்களிடம் பேசுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, மழைக்காலத்தில் பள்ளி நிவாரண முகாமாக மாறினால் எத்தனை நாள் வகுப்பு போகும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

12. மைதானமும் பி.டி. ஆசிரியரும் உண்டா? கால்பந்துக்குப் பேர்போன ஊரில் இதைக் கேட்காமல் விடக்கூடாது.

13. அரசுப் பள்ளியில் 6 முதல் 14 வயது வரையுள்ள எந்தப் பிள்ளைக்கும் இடமில்லை என்று சொல்ல முடியாது, ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். யாராவது மறுத்தால் வாசலோடு திரும்பிவிடாதீர்கள். பள்ளிக் கல்வித் துறையின் இலவச உதவி எண் 14417. மாநகராட்சிப் பள்ளியானால் 1913.